மைலிஸின் அரைப்படகு

எங்கள் தீவில் ஆள் வருவதற்கு முன்னால் அவருடைய காலடி வந்துவிடும். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எங்களுக்கு அது அன்றாட விஷயம். என் கணவர் ரூரிக் கடலிலிருந்து திரும்பும் நாட்களில், முன்னறையில் அவர் பூட்ஸை உதறும் சத்தம் முதலில் கேட்கும். இடது கால், வலது கால், பிறகு கதவுக் கொண்டி. எட்டிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். நான் காப்பிக்குத் தண்ணீர் வைப்பேன். காப்பி தயாராகிக் கோப்பையை எடுத்து வைக்கும்போது நிஜ ரூரிக் வந்து, அதே பூட்ஸை அதே மாதிரி உதறுவார். என் அம்மா காலத்திலும் இப்படித்தான். "முன்னோடி வந்துட்டான், மீனைத் திருப்பிப் போடு" என்பாள்.

அதனால் மைலிஸ் ஓபெர்க் வந்து கடலில் ஒரு குரல் கேட்டதாகச் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. பயம் பிறகுதான் வந்தது.

மைலிஸும் நானும் நோர்ஹோல்ம் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். அவள் பதினெட்டு வயதில் ஹெல்சிங்கிக்குப் போய்த் தந்தி படித்துவிட்டு, சரக்குக் கப்பல்களில் ரேடியோ வேலைக்குச் சேர்ந்தாள். இருபது வருஷத்துக்கு மேல் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, புயலுக்கும் இரைச்சலுக்கும் நடுவே வரும் புள்ளியையும் கோட்டையும் பிரித்தெடுப்பதுதான் அவள் பிழைப்பு. வானத்தில் செயற்கைக்கோள்கள் வந்த பிறகு கப்பலுக்கு அவள் காது தேவைப்படவில்லை. அப்பா விட்டுப்போன வீட்டுக்கும் படகுக் கொட்டகைக்கும் திரும்பி வந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு கிரேக்கச் சமையல்காரனைப் பற்றி ஒருமுறை என்னிடம் நிறையச் சொன்னாள். இன்னொரு நாள் நானே கேட்டபோது, அப்படி யாரும் இல்லையே என்றாள்.

வந்த முதல் குளிர்காலத்திலேயே கொட்டகைக்குள் புகுந்துகொண்டாள். பசிபிக் கடலில் ஏதோ ஒரு பவளத்தீவில் கப்பல் கொப்பரை ஏற்ற நின்றபோது, கரையிலிருந்து ஓடங்கள் காற்றில் பறப்பதுபோல வந்ததாம். ஒல்லியான ஓடம், அதன் ஒரு பக்கத்தில் மட்டும் கைநீட்டிப் பிடித்தாற்போல இரண்டு கழிகள், கழிகளின் நுனியில் ஒரு மிதவைக் கட்டை. அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கெஞ்சி ஏறிச் சுற்றிவிட்டு வந்தவள், சாண் கணக்கில் அதை மனதில் வைத்திருந்தாள். நம்மூர்ப் பைன் பலகையில் ஓடத்தைக் கட்டினாள். உலர்ந்த ஆஸ்பென் மரத்தைச் செதுக்கி மிதவை ஆக்கினாள். ஆணி அடிக்காமல் எல்லாவற்றையும் கயிற்றால் இறுக்கினாள். பழைய கூடாரத் துணிதான் பாய். தார் பூசி, பனிக்கட்டி கிழிக்காமல் இருக்க நீர்மட்டத்தில் தகரம் அடித்து, படகுத்துறைக்கு இழுத்து வந்தபோது ஊரே வேடிக்கை பார்க்க நின்றது.

"மைலிஸ், மீதிப் பாதிய எப்பக் கட்டப் போற?" என்று கத்தினார் ரூரிக்.

"உன் வாய்ல பாதியக் குறை. அதை வச்சே கட்டிக்கிறேன்."

ரூரிக்குக்குக் கத்தத்தான் தெரியும். சிறு வயதிலிருந்து மீன்படகு எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காது பாதி போய்விட்டது. காதோடு சொல்ல வேண்டியதையும் உரக்கத்தான் சொல்வார். கல்யாணத்தன்று பாதிரியார் முன்னால் அவர் சொன்ன சம்மதம் படகுத்துறை வரை கேட்டது என்று இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அன்றிலிருந்து மைலிஸின் ஓடத்துக்கு அரைப்படகு என்றே பெயர் நின்றுவிட்டது.

சிரிக்காதவர் ஒருவர்தான். பயணிகள் படகு ஓட்டும் அல்பின். ஓடத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுல முன்பக்கம் எது?" என்றார்.

"ரெண்டு பக்கமும் முன்பக்கம்தான்" என்றாள் மைலிஸ். அந்த ஓடத்தில் காற்று எப்போதும் மிதவைப் பக்கமாகவே அடிக்க வேண்டும். திசை மாற்ற வேண்டுமானால் ஓடத்தைத் திருப்புவதில்லை. பாயின் அடிமுனையை அவிழ்த்துத் தூக்கிக்கொண்டு மறுகோடிக்கு நடந்துபோய்க் கட்டுவாள். துடுப்பை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் உட்காருவாள். அவ்வளவுதான், பின்பக்கம் முன்பக்கமாகி வந்த வழியே போகும்.

"அப்போ இது வருதா போகுதான்னு கடலுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் அல்பின்.

ஏப்ரலில் பனிக்கட்டி உடைந்து போன கொஞ்ச நாளில்தான் அது ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில் எங்கள் கடல் எப்போதும் கொஞ்சம் கோணல்தான். தண்ணீர் உறையும் குளிர், மேலே காற்று மட்டும் வெதுவெதுப்பு. தூரத்துத் தீவுகள் தண்ணீரை விட்டு எழும்பி நிற்கும். அவற்றின் மேல் அதே தீவுகள் தலைகீழாகத் தொங்கும். மைலிஸ் அந்த அமைதியான காலைகளில் தெற்கே தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள் நேராக என் சமையலறைக்கு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"டிசா, தோம்ஷேர்ல இப்ப யாராச்சும் இருக்காங்களா?"

தோம்ஷேர் எங்களுக்குத் தெற்கே கடைசியாக இருக்கும் மொட்டைப் பாறை. ஒரு காலத்தில் கப்பலுக்கு வழிகாட்டுகிறவர்கள் தங்கிய குடிசை ஒன்று அங்கே இடிந்து கிடக்கிறது.

"கடல்நாய் இருக்கும். ஏன்?"

"ஆம்பளக் குரல் கேட்டுச்சு. 'கதவைச் சாத்திட்டு வா, குளிருது'ன்னு."

"எந்த பாஷைல?"

"நம்ம தீவுப் பேச்சுதான்."

"எங்கயாவது மீன் பிடிக்கிறவன் கத்தியிருப்பான்."

"கத்தலடி. மெதுவா. பக்கத்துல படுத்திருக்கிற ஆளுகிட்டச் சொல்ற மாதிரி."

நான் ரொட்டியை வெட்டி வைத்தேன். அவள் எடுக்கவில்லை. குளிர்ந்த தண்ணீர்மேல் ஒலி வழுக்கிக்கொண்டு வெகுதூரம் போகும், எங்கோ ஒரு வீட்டுப் பேச்சு தவறி வந்திருக்கலாம் என்று அவளே விளக்கமும் சொன்னாள். கப்பலில் இதைவிட விநோதமாகவெல்லாம் கேட்டிருக்கிறாள். ஆனால் கேட்ட திசையில் வீடே இல்லை. தோம்ஷேருக்கு அப்பால் திறந்த கடல்தான்.

"முன்னோடியா இருக்கும்" என்றேன். "யாரோ வரப் போறாங்க."

"முன்னோடி வீட்டு வாசலுக்கு வரும். நடுக்கடல்ல யாரு வீட்டுக்கு வருவாங்க?"

அந்த வசந்தத்தில் மேலும் சில முறை கேட்டாள். அதே வார்த்தை, அதே மெதுவான குரல். ஒருமுறை அதற்கு முன்னால் யாரோ மூக்கை உறிஞ்சுவதும் கேட்டதாம். அதைச் சொல்லும்போதுதான் எனக்கு முதுகு சில்லிட்டது. பேச்சைக் காற்று கொண்டுவரலாம். மூக்கு உறிஞ்சுவதை எங்கிருந்து கொண்டுவரும்?

கோடை வந்து கடல் சூடானதும் குரல் நின்றுவிட்டது. ஜூன் கடைசியில், வெயிலில் கண் கூசும் ஒரு மதியம், மைலிஸ் என்னை ஓடத்தில் ஏற்றித் தோம்ஷேருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் அதில் ஏறியது அதுதான் முதல் தடவை. மிதவை தண்ணீரிலிருந்து சற்றே எழும்பி, கிசுகிசுத்துக்கொண்டே கூட வந்தது. பெரிய படகு அண்டமுடியாத பாறை அது. ஓடமோ முழங்கால் ஆழத்தில் வழுக்கிப் போய்ப் பாசியில் மூக்கை வைத்தது.

குடிசையில் பாதிக் கூரை இருந்தது. உள்ளே ஒரு மரக்கட்டில், மூலையில் தகைவிலான் கூடு, தரை முழுக்கப் பறவை எச்சம். கதவு இல்லை. நிலையில் துருப்பிடித்த கீல்கள் மட்டும். மைலிஸ் கட்டிலில் உட்கார்ந்து பேசிப் பார்த்தாள். நான் வெளியே நின்று கேட்டேன். சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு நான் உள்ளே போய் அவள் வெளியே நின்றாள். அப்போதும் ஒன்றுமில்லை. அந்த வெயிலில் எங்களுக்கே எங்களைப் பார்த்துச் சிரிப்பு வந்தது.

கிளம்பும்போது நான்தான் கடைசியாக வெளியே வந்தேன். வரும்போது என் கை தானாகப் பின்னால் போய்க் கதவை இழுத்துச் சாத்தியது. அங்கே கதவு இல்லை. விரல்கள் காற்றைப் பிடித்து இழுத்திருந்தன. ஆனால் இழுக்கும்போது கனம் இருந்தது. மைலிஸ் அதைப் பார்த்துவிட்டாள். நேராக ஓடத்துக்குப் போய்ப் பாயை ஏற்றினாள்.

இலையுதிர் காலத்தில் மூடுபனி வந்தது. மற்றவர்கள் படகைக் கட்டிப்போடும் நாட்களில் மைலிஸ் வேண்டுமென்றே போனாள். என்ன செய்வது, கேட்பதே அவளுக்குத் தொழிலாக இருந்தது. சரியாகக் காதில் விழாத ஒரு சேதியை விட்டுவிட அவளால் முடியவில்லை. அப்படிப் போன ஒரு நாளில் பனி சுவர்போல் சூழ்ந்துகொண்டதாம். காற்று அங்குமிங்கும் மாறியது. அவள் பாயைத் தூக்கிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மாறி மாறி நடந்தாள். ஒரு கட்டத்தில் எந்தப் பக்கமாக வந்தோம் என்பதே மறந்துபோனது. திசைகாட்டி இருந்தது. அது வடக்கைத்தான் சொல்லும், போகிறோமா திரும்புகிறோமா என்பதைச் சொல்லாது.

அப்போது மிதவைப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், குளிரில் யாரோ பல் தந்தியடிக்கும் சத்தம் கேட்டது.

அவள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, "யாரது?" என்று கேட்டாள்.

பல் சத்தம் நின்றது. காதைத் தீட்டிக்கொண்டு யாரோ கேட்பதுபோன்ற அமைதி. பிறகு அந்தக் குரல், "வந்துட்டியா" என்றது. "கதவைச் சாத்திட்டு வா. குளிருது."

மாலை மங்குவதற்குள் எப்படியோ கரைக்கு வந்து சேர்ந்தாள். நானும் ரூரிக்கும் படகுத்துறையில் வலையை அலசிக்கொண்டிருந்தோம். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன, அரைப்படகுல போயி அரை உயிரோட வந்திருக்க?" என்று கத்தினார் ரூரிக். "அடுத்த தடவ ஒரு மணி வாங்கி மாட்டு. மாட்டுக்கு மாட்டுற மாதிரி."

மைலிஸ் அவரைப் பார்த்தாள். திருப்பிக் கொடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். ஓடத்தை இழுத்துக் கட்டிவிட்டுப் போய்விட்டாள்.

டிசம்பர் பாதிக்கு மேல் எங்களுக்கு ஒரு மோசமான காலம் உண்டு. கடல் உறைய ஆரம்பித்திருக்கும், ஆனால் ஆளைத் தாங்காது. படகு போக முடியாத அளவுக்குப் பனிக்கட்டி, நடக்க முடியாத அளவுக்குத் தண்ணீர். அது இறுகுவதற்கு முன்னால் கடைசி வலையை எடுத்துவிடுகிறேன் என்று ரூரிக் ஒரு காலையில் வடக்குத் திட்டுக்குக் கிளம்பினார். இருட்டுவதற்குள் வந்துவிடுவேன் என்றார். எங்கள் ஊரில் அந்த மாதம் மதியம் சாப்பிட்டு எழுந்தால் இருட்டிவிடும்.

சாயங்காலம் பூட்ஸ் சத்தம் கேட்டது. இடது, வலது, கொண்டி. காப்பி போட்டேன். அவர் வரவில்லை. காப்பி ஆறியது. மறுபடி பூட்ஸ் சத்தம். நான் ஓடிப்போய் முன்னறைக் கதவைத் திறந்தேன். தரை உலர்ந்திருந்தது. கதவை மூடிவிட்டு வந்து உட்கார்ந்ததும் மூன்றாம் முறை. முன்னோடி ஒரு தடவைதான் வரும். என் வாழ்நாளில் அது இரண்டாம் முறை வந்து நான் கேட்டதில்லை. நான் அல்பினுக்குப் போன் செய்தேன்.

விடிந்தும் வெளிச்சம் வரவில்லை, சாம்பல் நிற மூடுபனிதான். கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டரால் எழும்ப முடியவில்லை. அல்பினும் இன்னும் சிலரும் போய், ரூரிக்கின் படகை வடக்கே கண்டுபிடித்தார்கள். காலிப் படகு. எஞ்சினின் நீர்க்குழாயில் பனிக்கூழ் அடைத்திருந்தது. அல்பின் என் வாசலில் வந்து நின்று தொப்பியைக் கையில் எடுத்தார்.

"டிசா, உட்காரு" என்றார்.

"வந்துடுவாரு" என்றேன். "சத்தம் கேட்டுச்சு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் படகுக்கு அருகில் பனிக்கட்டியில் ஒரு பெரிய ஓட்டை இருந்ததாம். அதை அவர் பிற்பாடுதான் சொன்னார்.

அப்போது மைலிஸ் உள்ளே வந்தாள். பனிக்காலணியும் கம்பளிக் கோட்டுமாக, கையில் நீளமான கொக்கிக் கழி.

"ராத்திரி வடகாத்து அடிச்சுச்சு. நடுராத்திரிக்கு மேல தென்காத்தா மாறுச்சு" என்றாள். "படகு முதல்ல தெற்கே போயிருக்கும். அப்புறம் ஆளில்லாம வடக்கே வந்திருக்கு. நான் தோம்ஷேருக்குப் போறேன்."

"போயிருக்கலாம், போகாமயும் இருக்கலாம்" என்றார் அல்பின். "நீ எதை வச்சுச் சொல்ற?"

மைலிஸ் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள். "விடிகாலையிலேர்ந்து தெக்கு முனையில நின்னேன். தெற்கேர்ந்து மெல்லிசா காத்து. நல்லாக் கேக்க வேண்டிய நாளு. ஒண்ணுமே கேக்கல, டிசா. அந்தக் குரல் நின்னுடுச்சு."

எனக்குப் புரிந்தது. நிஜ ஆள் வந்து சேர்ந்துவிட்டால் முன்னோடி நின்றுவிடும். நான் கோட்டை எடுத்தேன்.

"ரெண்டு பேரும் போனா நாளைக்கு மூணு பேரைத் தேடணும்" என்றார் அல்பின்.

"தேடு" என்றாள் மைலிஸ்.

அந்தப் பயணத்தை நான் விரிவாகச் சொல்ல முடியாது. எனக்கு அதில் பாதி நினைவில் இல்லை. தண்ணீர் தெரிந்த இடத்தில் துடுப்பு, மெல்லிய பனிக்கட்டி வந்த இடத்தில் கழி. தகரம் அடித்த மூக்கு கண்ணாடி நொறுங்கும் சத்தத்தோடு உடைத்துக்கொண்டு போனது. கொஞ்சம் தடித்த இடம் வந்தால் இருவரும் கழிகளைப் பிடித்தபடி இறங்கி ஓடத்தைத் தள்ளினோம். காலடியில் பனிக்கட்டி வளைந்து கொடுத்தது. உடைந்தபோது ஓடமும் மிதவையும் ஆளுக்கொரு பக்கம் அகலமாக நின்று எங்களைத் தாங்கின. வேறு எந்தப் படகாக இருந்தாலும் நாங்கள் அன்று போயிருப்போம். ஒருமுறை மைலிஸ் கையை உயர்த்தி நிற்கச் சொன்னாள். நாங்கள் நின்றும், பின்னால் கழி ஊன்றும் சத்தம் ஒரு வீச்சு அதிகமாகக் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "போலாம்" என்றாள்.

பாறை பனிக்குள்ளிருந்து திடீரென்று எழுந்தது. குடிசையை நெருங்கும்போது உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"வந்துட்டியா."

நான் அப்படியே நின்றுவிட்டேன். அத்தனை வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்கிறேன். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. பஞ்சுபோல மென்மையாக, கொஞ்சம் வெட்கம் கலந்து, நெடுநாள் காத்திருந்தவன் பேசுகிற குரல். ஆனாலும் ரூரிக்தான். மைலிஸ் என் கையைப் பிடித்தாள்.

"கதவைச் சாத்திட்டு வா. குளிருது."

உள்ளே கட்டிலில் சுவரோடு ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாடியிலும் மடியிலும் பனி படிந்திருந்தது. கண் திறந்துதான் இருந்தது. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எங்கள் இருவருக்கும் இடையில், சற்றுப் பின்னால், நிலைக்கு அருகில் பார்த்துக்கொண்டிருந்தார். மைலிஸ் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நான் திரும்பினேன். வெறும் வாசல்தான் இருந்தது, அதற்கு வெளியே பனி.

என்ன தோன்றியதோ, நான் வாசலுக்குப் போய் இல்லாத கதவை இழுத்துச் சாத்தினேன். அவர் நீளமாக மூச்சு விட்டார். "ம். இப்ப சரி" என்று கண்ணை மூடினார்.

ஓடத்துக்கும் மிதவைக்கும் நடுவே கழிகளின்மேல் பலகை கட்டியிருந்தாள் மைலிஸ். அதில் அவரைக் கம்பளியில் சுற்றிக் கிடத்தினோம். தென்காற்று கொஞ்சம் எழுந்திருந்தது. நாங்களே உடைத்து வந்த வழி இன்னும் மூடவில்லை. பாயை ஏற்றினாள். பாதி வழியில் ரூரிக்கின் கன்னத்தில் நிறம் வந்தது. முதலில் முனகல், பிறகு பழைய குரல்.

"எவன்டா என்னை இந்த அரைப்படகுல ஏத்தினது?"

பனிக்குள்ளே அது எதிரொலித்தது. அந்தக் கத்தலைக் கேட்டுத்தான் நான் அழுதேன். மைலிஸ் துடுப்பை விடாமல், "பேசாமக் கிட. இறக்கி விட்ருவேன்" என்றாள்.

துர்க்கு நகர ஆஸ்பத்திரியில் இடது காலில் எல்லா விரல்களையும் எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியதே பெரிது என்றார் மருத்துவர். நினைவு வந்தபின் நான் கேட்டேன், குடிசையில் யாரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று. எஞ்சின் நின்றது, இருட்டில் பாறையில் மோதியது, தாவி இறங்கியதும் படகு கைநழுவிப் போனது, குடிசைக்குள் தவழ்ந்து போனது எல்லாம் சொன்னார். அதற்குமேல் ஒன்றும் நினைவில்லை என்றார். "யாருகிட்டயும் பேசல. என் பாட்டுக்குக் கிடந்தேன்."

ஆனால் யாரோ அவரிடம் வசந்தத்துக் குரலைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். வீடு வந்ததும் ஊன்றுகோலோடு நேராக மைலிஸின் கொட்டகைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"ஏப்ரல்லயே கேட்டியாமே? எட்டு மாசம் கேட்டுக்கிட்டு இருந்திருக்க. ஒரு வார்த்த சொன்னியா எனக்கு?"

மைலிஸ் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தாள். "உன் குரல்னு எனக்கு எப்படித் தெரியும், ரூரிக்? நீ மெதுவாப் பேசி யாரு கேட்டிருக்கா?"

அவர் பதில் சொல்லப் போய் என் பக்கம் திரும்பினார். நான் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவர் கயிற்றின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து அதை முறுக்கி முடித்தார்கள்.

அவர் இப்போது நொண்டித்தான் நடக்கிறார். முன்னறையில் அவர் நுழைந்தால் வலது கால் அழுத்தமாகவும் இடது கால் இழுத்தும் விழும். ஆனால் அதற்கு முன்னால் வருகிற சத்தம் நொண்டுவதில்லை. இடது, வலது, இரண்டும் ஒரே கனம். முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால் காப்பிக்குத் தண்ணீர் வைப்பேன் என்றேனே, இப்போது கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

அடுத்த கோடையில் ரூரிக் ஒரு கதவு செய்தார். அளவு எடுக்கப் போகவில்லை, நினைவிலிருந்தே செய்தார். அதைத் தோம்ஷேருக்குக் கொண்டுபோக அரைப்படகைத் தவிர வேறு வழியில்லை. மைலிஸிடம் கேட்க வெட்கப்பட்டு என்னைத் தூது அனுப்பினார். கதவைப் பலகையில் கட்டிக்கொண்டு மூவரும் போனோம். அவர் எஞ்சின் இல்லாத அமைதியில் என்ன செய்வதென்று தெரியாமல் மிதவையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கதவு நிலையில் சரியாகப் பொருந்தியது. கீல் மாட்டியபின், "சாத்திப் பாக்குறேன்" என்று அவர் உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார். நாங்கள் வெளியே பாறையில் உட்கார்ந்திருந்தோம். ரொட்டியும் புகைபோட்ட மீனும் கொண்டுபோயிருந்தோம். அவர் வரட்டும் என்று பிரிக்கவில்லை. அவர் வரவில்லை. சற்று நேரத்தில் உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. மெதுவான குரல். நிறுத்தி நிறுத்தி, பதிலுக்கு இடம் விட்டுப் பேசுவதுபோல இருந்தது. வார்த்தை புரியவில்லை. நான் எழுந்தேன். மைலிஸ் என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "விடுடி" என்றாள்.

"உனக்குக் கேக்குதா என்ன சொல்றாருன்னு?"

"கேக்குது."

"என்ன சொல்றாரு?"

"அது நமக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு மீனைப் பிரித்தாள். அவர் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. கீல் நன்றாக இருக்கிறது என்று கத்திச் சொன்னார். நாங்கள் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகும் மைலிஸ் ஓடத்தை விடவில்லை. டிசம்பரில் வழி அடைத்துக்கொள்ளும் காலங்களில் ஊருக்கு மருந்தும் தபாலும் அதில்தான் வந்தன. ஒருமுறை ஒரு பிரசவத்துக்குத் தாதியையும் ஏற்றிவந்தாள். அல்பின் அதைப் பார்த்தால் இப்போது தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்கிறார். ஏறச் சொன்னால் மட்டும் மாட்டேன் என்பார். போன வருஷம் மைலிஸ் நகரத்தில் காது பரிசோதனைக்குப் போனாள். வயதுக்கேற்ற மந்தம் இருக்கிறது, மெல்லிய ஒலிகள் சரியாகக் கேட்காது என்று சொன்னார்களாம். எங்களிடம் அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

முழங்கால் வலியால் இப்போது வெகுதூரம் போவதில்லை. வசந்தத்தில், தீவுகள் தலைகீழாகத் தொங்கும் அந்த நாட்களில் மட்டும் கிளம்பிவிடுவாள். இந்த ஏப்ரலில் ஒரு நாள் போனவள் சீக்கிரமே திரும்பிவிட்டாள். ஓடத்தைத் தானே இழுத்துக் கட்டினாள். எங்கள் வீட்டுக்கு வந்து காப்பி குடித்தாள், ஆட்டுக்குட்டிகளைப் பற்றிப் பேசினாள், ரூரிக்கோடு வழக்கம்போல வாயடித்தாள். கடலில் யார் குரல் கேட்டது என்று நான் விசாரிக்கவில்லை. போகும்போது வாசலில் நின்று என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். அப்படி அவள் செய்கிறவள் இல்லை.

அன்றிலிருந்து கடலுக்குப் போகும்போதெல்லாம் காதை மூடும் கம்பளித் தொப்பி ஒன்றை இழுத்து மாட்டிக் கயிற்றை முகவாய்க்குக் கீழே முடிச்சுப் போட்டுக்கொள்கிறாள். ஜூன் வந்தும் கழற்றவில்லை. நேற்று நாங்கள் துறையில் சட்டைக் கையை மடித்துவிட்டு வெயிலில் வலை உலர்த்திக்கொண்டிருந்தோம். அவள் அந்தத் தொப்பியோடு பாயை ஏற்றிக்கொண்டிருந்தாள். ரூரிக் கத்திக் கூப்பிட்டார், நானும் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு வெளிக்கடலுக்குப் போனாள்.